நரிகளைப் படமெடுத்த மஸ்தான் பாய்

பழவேற்காட்டிலிருந்து வரும் காலை பஸ் பொன்னேரி நிலையத்துக்குள் திரும்பும்போதே கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் மீனவர் சங்கம் ஒன்றில் எழுத்தர். அந்த பஸ்ஸில் வரும் காகிதக் கட்டை வாங்கிக்கொள்ள தினமும் அங்கே நிற்பவன். அவர் படியை விட்டு இறங்காமலேயே சொன்னார்: "செல்வராஜ் சார், ஸ்டுடியோ மஸ்தான் பாய் விடிகாலைல மௌத் ஆயிட்டாருபா. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கமாம்." கட்டை வாங்காமல் அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது திரும்பக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து டிரைவரோடு சண்டை போட்டேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்.

மஸ்தான் பாயை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஒற்றை அறை ஸ்டுடியோ வைத்திருந்தவர் முகமது மஸ்தான். கல்யாணம், காதுகுத்து, பரீட்சைக்கு ஒட்டும் படம் எல்லாம் அவர்தான். ஏரியில் பிணம் ஒதுங்கினால் போலீஸ் கூப்பிடுவதும் அவரைத்தான். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் ஸ்டுடியோ காலையில் திறக்காது. மழை வெள்ளம் வடிந்து சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும். பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அவற்றை அடிக்க நரிகள் வரும். நரிகளைப் படமெடுக்க பாய் போவார். எழுபதுகளின் நடுவில் அவருக்குத் தோணி தள்ளியவன் நான். இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது, இருவருக்கும் வாய் நீளம்.

"தெனம் நரி மொகத்துல முழிக்கிற ஆளு, யோகம் எங்க பாய்?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"நரியும் தெனம் என் மொகத்துலதான முழிக்குது? அதோட யோகத்தையும் சேர்த்து நான் கெடுத்துட்டேன்" என்பார் அவர்.

முதல் வருஷமே அவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். பூநாரையால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்ப முடியாது. காற்றை எதிர்த்து நாலு எட்டு ஓடித்தான் பறக்கும். நரிகள் இரண்டாக வரும். ஒன்று பின்னாலிருந்து விரட்டும். மற்றொன்று காற்று வரும் திசையில், உப்புப் பூண்டுச் செடிகளுக்குள் படுத்திருக்கும். பறவை நேராக அதன் வாய்க்கே ஓடும். பாய் விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பார்ப்பார், காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தோணியை ஒதுக்கச் சொல்வார். பனியில் பல் கிட்டிப்போக, இடுப்பளவு தண்ணீரில் நான் கழியை ஊன்றிக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டே நிற்பேன்.

ஒரு தை மாதக் காலை. படுத்திருந்த பெட்டை நரி எழுந்ததையே நான் பார்க்கவில்லை. பறவை குப்புற விழுந்தது, சேறு தெறித்தது. ஆண் நரியும் ஓடி வந்து சேர்ந்துகொண்டது. கழுத்தைக் கடித்துக் கொல்லும் என்று நினைத்தேன். இல்லை. நேராக வயிற்றில் வாய் வைத்தன. ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கிழித்தன. பறவையின் நீளக் கழுத்து உயிரோடு எழுந்து எழுந்து சேற்றில் அடித்துக்கொண்டது, அந்தச் சத்தம் இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை. நான் ஒரு மண்கட்டியை எடுத்தேன். பாய் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சொம்மா குந்து" என்றார். ரோல் முடிந்ததும் தோணியின் மறுபக்கம் குனிந்து வாந்தி எடுத்தார்.

"ஒத்துக்கலன்னா இன்னாத்துக்குய்யா எடுக்கறீங்க?"

"நான் பாக்கலன்னா நடக்காம பூடுமா செல்வம்? பார்த்தத பார்த்த மாதிரி சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல."

அன்று அது பெரிய பேச்சாக எனக்குத் தோன்றவில்லை. வாயைத் துடைத்துக்கொள்ள என் துண்டைக் கேட்டார், கொடுத்தேன்.

அடுத்த வருஷம் மாசியில் என் தம்பி ஏழுமலை செத்தான். எங்கள் குப்பத்துக்கும் அக்கரைக் குப்பத்துக்கும் பாடு தகராறு; பாடு என்றால் எந்த நாளில் எந்த ஊர் எந்தத் தண்ணீரில் வலை போடலாம் என்கிற முறை. முதல் நாள் மதியம் அக்கரையைச் சேர்ந்த தேசப்பனும் ஏழுமலையும் தோணிக்குத் தோணி நின்று கெட்ட வார்த்தை பேசிக்கொண்டதை ஊரே பார்த்தது. மறுநாள் காலை தம்பியைச் சேற்றுத் திட்டில் கண்டெடுத்தோம். வயிறு திறந்து கிடந்தது. ஒரு கையில் விரல்கள் இல்லை. அம்மா அவன் மேல் விழுந்து குடலை உள்ளே தள்ளப் பார்த்தாள்.

நைனா இல்லாத வீடு அது, மூத்தவன் நான். ஆட்கள் தோணியில் போய் தேசப்பனை இழுத்து வந்து, வலை காயப்போடும் கம்பத்தில் கட்டினார்கள். வரும் வழியிலேயே அவர் முன்பற்கள் இரண்டு போயிருந்தன. ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் ஆள் அனுப்பி பாயை வரவழைத்தார். "போலீஸ் வர்றதுக்குள்ள வெட்டுக் காயத்த நல்லா படம் புடிச்சுடுங்க பாய். அப்பால இவன நாங்க பார்த்துக்கறோம்."

பாய் முழங்காலிட்டு நெடுநேரம் தம்பியைப் பார்த்தார். பிறகு எழுந்து, "இது கத்தி இல்ல" என்றார். "கத்தி போட்டா தோலு நேரா பிளந்து நிக்கும். இது இழுத்துப் பிச்சது. தண்ணில செத்துப் பூட்டவன நரி தின்னுக்கீது."

ஊர் கொதித்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் மீன்காரன் முழுகுவானா என்று கேட்டார்கள். அக்கரைக்காரனிடம் என்ன வாங்கித் தின்றாய் என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"செல்வம், எங்கூட ரெண்டு வருஷமா பார்த்தவன் நீ. நரி எங்கருந்து தின்ன ஆரம்பிக்கும்? ஜனங்களுக்குச் சொல்லு."

எனக்குத் தெரியும். தம்பியைப் பார்த்த நொடியிலேயே தெரியும். இன்னொன்றும் தெரியும்: ஏழுமலைக்கு வலிப்பு உண்டு. வீட்டைத் தாண்டி யாருக்கும் அது தெரியாது. தங்கைக்கு எளாவூரில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். குடும்பத்தில் வலிப்பு என்று வெளியே வந்தால் எல்லாம் போச்சு. அதைவிட, அன்று எனக்கு ரத்தம் வேண்டியிருந்தது. யாருடையதாவது. தேசப்பன் என்னைப் பார்த்து, "அண்ணா, எனக்குக் கைக்கொழந்த கீதுண்ணா" என்றார். பாய் மறுபடி, "சொல்லு செல்வம்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. கையில் தோணிக் கழி இருந்தது, நுனியில் இரும்புப் பூண். அதை ஓங்கி தேசப்பனின் தலையைக் குறிவைத்துக் குத்தினேன்.

பாய் குறுக்கே வந்துவிட்டார். பூண் அவருடைய வலக்கண்ணில் இறங்கியது.

அவர் கத்தவில்லை. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தேசப்பனை மறைத்தபடியே நின்றார். கண் இருந்த இடத்திலிருந்து ரத்தம் தேசப்பனின் தோளில் கொட்டியது. அப்புறம்தான் என் வாயிலிருந்து வார்த்தை வந்தது: "வயித்துலேர்ந்து. வயித்துலேர்ந்துதான் தின்னும்." வலிப்பையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டினேன். தேசப்பனை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு கண் போன பிறகு சொன்னதை ஒரு நிமிஷம் முன்னால் சொல்லியிருக்கலாம். சே, என்ன பிறவி நான்!

பொன்னேரி ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து கேட்டபோது நான் கட்டில் ஓரமாக நின்றிருந்தேன். பாய் கட்டுப் போட்ட முகத்தோடு, "நரி சார்" என்றார்.

"நரியா? கண்ணையா?"

"குட்டி போட்ட நரி. படமெடுக்கக் கிட்ட போனது என் தப்பு."

பார்த்த ஜனம் அத்தனையும் அதையே சொல்லியது. என் மேல் இருந்த இரக்கமோ, போலீஸ் மேல் இருந்த பயமோ, தெரியாது. ஆனால் பொய் ஏரியைச் சுற்றி ஓடிவிட்டது. பிணம் தின்ற நரி, ஆள் கண்ணைப் பிடுங்கிய நரி. ஒரு மாதத்துக்குள் ஏரிக்கரை ஊர்கள் எல்லாம் கூடி முடிவு செய்தன. நரிகள் அதிகம் இருந்த திட்டைச் சுற்றி மீன் வலைகளையே சுவராகக் கட்டி, தகரம் தட்டி விரட்டி, வலையில் சிக்கியதை எல்லாம் கட்டையால் அடித்தார்கள். குட்டிகளை வளையிலிருந்து இழுத்துப்போட்டு மிதித்தார்கள். நானும் ஒன்றை அடித்தேன். அடிக்காமல் நின்றால் யாராவது ஏதாவது நினைப்பார்கள் என்று அடித்தேன். நிமிர்ந்தால் எதிரே பாய், கட்டுப் போட்ட கண்ணோடு, கேமராவை இடக்கண்ணில் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது தோணியில் தேம்பித் தேம்பி அழுதார். "இந்த ரோல கழுவ மாட்டேன் செல்வம். இது நான் சொன்ன பொய்யி."

"நான் ஸ்டேஷனுக்குப் போய் உண்மைய சொல்லிடறேன் பாய்."

"போ. உங்கம்மா ஒரு புள்ளைய மண்ணுல வெச்சுட்டா, இன்னொண்ண ஜெயில்ல வெக்கட்டும். அதுக்கா நான் கண்ண குடுத்தேன்? ஒயுங்கா தோணிய தள்ளு."

நான் போகவில்லை. அவர் தடுத்ததால் போகவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகப் பயம், அவ்வளவுதான். தங்கையின் எளாவூர்ச் சம்பந்தம் நின்று, பிறகு மீஞ்சூரில் வேறு இடம் அமைந்தது. எனக்குச் சங்கத்தில் வேலை கிடைத்து நான் பொன்னேரிக்குக் குடிவந்தேன். மார்கழி, தை ஞாயிறுகளில் மட்டும் போய் அவருக்குத் தோணி தள்ளுவேன். இடக்கண்ணால் பார்த்தால் மூக்கு இடிக்கிறது என்று அலுத்துக்கொள்வார். நரிகள் அருகிவிட்டன. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம். அந்தக் கண்ணைப் பற்றி அவர் அதன் பிறகு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அதுதான் என்னை அறுத்தது.

அடக்கத்துக்கு ஏரியின் எல்லா ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மூன்று கைப்பிடி மண் போட எனக்கும் இடம் விட்டார்கள். பள்ளிவாசல் வெளியே பெரியவர் ஒருவர், "கண்ணைப் பிடுங்கிய நரியையே கடைசிவரை படமெடுத்த மகான்" என்று பேசினார். ஜனம் உச்சுக்கொட்டியது. பக்கத்தில் நின்ற தேசப்பன் என் முகத்தைப் பார்த்தார். பொன்னேரிக்குத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "எங்கூட்டுக்கு வா, ஒரு வாய் சாப்டுட்டு போ" என்று தோணியில் ஏற்றிக்கொண்டார். கழி போட்டவன் அவர் மகன். அன்று கைக்குழந்தையாக இருந்தவன், இப்போது மீசை அரும்பிய ஆள்.

சாயங்காலம். திட்டின் ஓரத்தில் ஒரு நரி, இளம் நரி, நாமக்கோழி ஒன்றைக் கவ்வி உதறிக்கொண்டிருந்தது. தோணி கிட்டே போனதும் இரையை விட மனமில்லாமல் அப்படியே நின்றது. பையன் பல்லைக் கடித்தான். "பாய் கண்ண நோண்டுன ஜாதி இது" என்று கழியை ஓங்கினான்.

கழியின் நடுவில் பிடித்தேன். அவன் இழுத்தான், நான் விடவில்லை, தோணி ஆடியது.

"நரி இல்லடா" என்றேன். "அது நான். உங்கப்பாவ கொல்ல இதே மாதிரி ஓங்குனேன். பாய் குறுக்க வந்தாரு."

பையன் தேசப்பனைப் பார்த்தான். தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்பதுபோல ஆட்டினார். பையன் கழியை என் கையிலேயே விட்டுவிட்டு, தோணியின் மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். நரி பறவையைத் தரையில் போட்டு வயிற்றைக் கிழிக்கத் தொடங்கியது.

பாய், ஒருவனிடம் சொன்னதை இப்போது எல்லோருக்கும் எழுதிவிட்டேன். இனி போலீஸோ ஊரோ, வருகிறவர்கள் வரட்டும். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.