கழுவிய கண்ணாடி

பழைய வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு கண்ணாடி. கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த பிரேம் கடைக்கு ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஐயா ஒருவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாராம். நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அது மேசையில் இருந்தது. சீட்டில் முதலாளி ‘பழைய கண்ணாடி ஒன்று, பிரேம் போட’ என்று எழுதியிருந்தார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். வரும் பழைய கண்ணாடி பெரும்பாலும் சாமிப் படத்துக்குரியது. சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகச் சுடுதண்ணீரில் சவர்க்காரத் தூள் போட்டு ஊறவைத்துத் தேய்த்த பிறகுதான் பிரேம் போடுவோம். இந்தக் கண்ணாடியில் கறுப்பு அப்பிக் கிடந்தது. என்னைப் போல் கழுவ ஆளில்லை என்ற பெருமை வேறு எனக்கு. கறுப்பு தோலாக உரிந்து வந்தது. பிரேம் போட்டு, ஐயா வந்ததும் சிரித்துக்கொண்டே நீட்டினேன்.

அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தெருவில் போன பஸ்தான் தெரிந்தது.

“படம் எங்க, பிள்ளை?”

அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடித்தார்கள், நான் உரித்த கறுப்புத்தான் படம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இடிந்த சிவன் கோயிலைப் படமெடுக்க வந்த வெள்ளைக்காரர், தூணின் உயரம் விளங்கவேண்டுமென்று சாமான் சுமந்து வந்த கூலியாளைப் பக்கத்தில் நிறுத்தினாராம். அந்தக் கூலியாள் ஐயாவின் பூட்டன், தாத்தாவின் தகப்பன். அச்சிட்ட பிரதி ஊர் வீட்டோடு எரிந்துபோயிற்று; மிஞ்சியது இந்தத் தகடுதான். தூணும் இன்றைக்கு இல்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த ஐயாவின் அக்கா, பூட்டனின் முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். வழியில் உடையாமலிருக்கத்தான் பிரேம்.

நான் அழுதேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெறுங்கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

இன்று எல்லோரும் கோயில் வாசலில் நின்று கைபேசியில் நூறு படம் எடுக்கிறார்கள். ஒன்று அழிந்தால் இன்னொன்று இருக்கிறது.

போன மாதம் வெள்ளவத்தைச் சந்தையில் ஐயாவைக் கண்டேன். ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

“அக்காவுக்குப் பார்வை மங்கிப்போச்சு, பிள்ளை. கண்ணாடியை அவவின்ர முகத்துக்கு நேர பிடிச்சனான். மற்றப் பக்கம் நான் நிண்டனான். ‘பூட்டன் உன்னைப் போலதானடா’ எண்டு சொன்னவ. ஓம் எண்டனான். விடிய முதல் போயிட்டா.”

பையில் மரக்கறியைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கியவர், நின்று திரும்பினார்.

“அக்காவுக்கு நான் அதுக்கு முதல் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.”