ஈஸ்டர் அன்று நகர்ந்த பெட்டி

இது இரண்டு வருஷத்துக்கு முன்னால், புனேயில், எங்கள் தமிழ் சபையின் ஈஸ்டர் ஆராதனையில் நடந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் தையல் வேலை. எழுதிப் பழக்கமில்லை. மகள்தான் எழுது எழுது என்றாள்.

என் வீட்டுக்காரர் சபையில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசிக்கிறார். நாலே கம்பி. தடித்த கம்பி. மற்ற கிட்டார் மாதிரி கணீரென்று கேட்காது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது கேட்டதே இல்லை. டிரம் கேட்கும், கீபோர்டு கேட்கும், பாட்டு கேட்கும். இவர் விரல் ஆடுவது தெரியும். அவ்வளவுதான். ஆராதனை முடிந்து விஷ்ராந்த்வாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒவ்வொரு வாரமும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். "நல்லா இருந்துச்சு" என்பேன். அதற்கு மேல் அவரும் கேட்க மாட்டார்.

பிறகு அவருக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் நகர்ந்து ஆபரேஷன் ஆனது. ரஞ்சன்காவ் கம்பெனிக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவர், மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். எழுந்து நடந்ததும் டாக்டர் ஒன்று சொன்னார். தண்ணீர் நிறைந்த பக்கெட்டைத் தூக்கக் கூடாது. பாதி பக்கெட் வரைக்கும் சரி.

அவருடைய ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்க முடியும். கிட்டாரும் கனம். ஒரு தோளில் தொங்கி ஒரு பக்கமாக இழுக்கும். சபைப் பையன்கள் நாங்கள் தூக்குகிறோம் என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பொட்டி தூக்க ஆள் வச்சு வாசிக்கதுக்கு நான் என்ன பெரிய வித்வானா?" என்றார்.

கிட்டார் கட்டிலுக்கு அடியில் போனது. ஞாயிற்றுக்கிழமை என்னோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு வரும்போது தொடையில் அவர் விரல்கள் ஆடும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன். சில வாரம் கழித்து விரல்களும் ஆடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வீட்டிலும் பேச்சு குறைந்தது. நான் பேசாதவள். அவரும் பேசாவிட்டால் வீட்டில் மிக்சி மட்டும்தான் பேசும்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலம் தொடங்கியதும், பாடகர் குழுவை நடத்தும் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனசுதான்.

"பிரதர், ஈஸ்டருக்கு வருவீங்களா? கஷ்டம்னா பரவால்ல. கீபோர்டு தம்பி லெஃப்ட் ஹேண்ட்லயே பேஸ் சமாளிச்சுக்கிறேன்னு சொல்றான்."

"பாத்துக்கோங்க" என்றார் இவர்.

டீச்சர் காபி குடித்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், இவர் ஸ்க்ரூ டிரைவரோடு பழைய பெட்டியின் முன்னால் நிற்கிறார்.

"ஏளா, இந்த ஸ்க்ரூவைக் கழட்டு. நான் குனியக் கூடாது."

கழற்றினேன். உள்ளே இருந்த ஸ்பீக்கரின் காந்தமே கிரைண்டர் கல் மாதிரி இருந்தது. இப்போது சின்னக் காந்தம் வைத்த ஸ்பீக்கர் வந்திருக்கிறது, பிடி அதே பிடி, எடை கொஞ்சம்தான் என்றார். பெட்டியையும் மெல்லிசான பலகையில் செய்யலாம். பலகை அதிராமல் இருக்க உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்தால் போதும். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசி அன்றுதான் கேட்டேன். பாதி புரியவில்லை. தலையாட்டினேன்.

ஸ்பீக்கரை அவர் வரவழைத்தார். டிம்பர் மார்க்கெட்டுக்கு நான்தான் போனேன். ப்ளைவுட்டை அங்கேயே அறுத்து வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன். தொட்டில் செய்யப்போகிறீர்களா என்று ஆட்டோக்காரர் மராத்தியில் கேட்டார். ஆமாம், என் வீட்டுக்காரருக்கு என்றேன். சிரித்துக்கொண்டே பலகையைப் பிடித்து இறக்கிக் கொடுத்தார்.

பால்கனிதான் பட்டறை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போடுவார். நான் அறுப்பேன், துளை போடுவேன். தையல்காரிக்குக் கோட்டின் மேல் போவது கஷ்டமில்லை. சோற்றில்கூட மரத்தூள் இருந்தது. ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். "இங்க ஒரு கட்டை வைக்கணும்" என்பார். எனக்கு எல்லாத் தட்டும் ஒரே சத்தம்தான்.

பசை போட்டு ஒட்டியதும், காயும் வரை இறுக்கிப் பிடிக்க க்ளாம்ப் போதவில்லை.

"மேல உக்காரு" என்றார்.

"நானா?"

"பின்ன? இந்த வெயிட்டுக்கு கடையில க்ளாம்ப் கிடைக்குமா?"

"நாக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வெந்தயக் கீரையையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததால் ஆய்ந்த மாதிரியும் ஆயிற்று. மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். அவள் தமிழ் இந்தியில் ஒரு கால் வைத்துத்தான் நடக்கும்.

"மம்மி, ஹில்னா மத்! அசையாத. போட்டோ எடுக்கிறது நான்."

எடுத்தாள். அப்பாவும் மகளும் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சிரித்ததால் நான் விட்டுவிட்டேன்.

அடுத்தது கிட்டார். இவர் முதுகை டாக்டர் திறந்தார். இவர் கிட்டாரின் முதுகைத் திறந்தார். பின்பக்கம் மரத்தைக் குடைந்து எடுத்து, மெல்லிசான பலகையால் மூடினார். எடை குறைந்தது. ஆனால் உடம்பு லேசானதும் கிட்டாரின் தலை கீழே சாய ஆரம்பித்தது. கையை விட்டால் போதும், தூங்கி விழுகிற மாதிரி தொங்கும். என் பழைய தோல் பையை வெட்டி அகலமான வார் தைத்தேன், சொரசொரப்பான பக்கம் சட்டையில் படும்படி. வழுக்கவில்லை. தலை நின்றது. அவர் வாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "கடைக்காரன் பாத்தா உன்னக் கூட்டிட்டுப் போயிருவான்" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

பெட்டி முடிந்த அன்று, ஒரு கையில் பாதி பக்கெட் தண்ணீர், ஒரு கையில் பெட்டி என்று தூக்கிப் பார்த்தேன். பெட்டிதான் லேசு. பிறகு அவர் தூக்கினார். ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மகள் கண்ணைத் துடைத்தாள். நான் பக்கெட்டைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

வீட்டில் மெதுவாகத்தான் வாசித்துப் பார்த்தார். ஃபிளாட் அல்லவா, கீழ் வீட்டில் கைக்குழந்தை. முழுச் சத்தம் வைத்துப் பார்க்கவே இல்லை. அங்கேதான் கோட்டை விட்டோம்.

ஈஸ்டர் காலை. மேடைக்குப் போக எங்கள் சபையில் பக்கவாட்டில் ஒரு வாசல் உண்டு. பெட்டிக்காரர்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள். இவர் ஒற்றைக் கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, முன்வாசலில் நுழைந்து, நடுவழியாகவே போனார். பையன்கள் வாயைப் பிளந்தார்கள். இவர் நேரே பார்த்துக்கொண்டு நடந்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு பின்னால் போய், என் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு அமைதியான பாட்டு. ஒன்றும் இல்லை. இரண்டாவது பாட்டுக்குச் சபை எழுந்து கை தட்டியது. இவரும் சத்தத்தைக் கூட்டினார். அப்போதுதான் பார்த்தேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. சற்று முன் இல்லை. இடைவெளி பெரிதாகிறது. மேடை முழுக்க வழுவழுப்பான கல். எடை இல்லாத பெட்டி தன் அதிர்விலேயே நகர்ந்து நகர்ந்து படி விளிம்புக்கு வருகிறது.

இவர் பெட்டியிலிருந்து தள்ளி நின்று, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். டிரம் பையன் பார்த்துவிட்டான், கண்ணை உருட்டுகிறான், ஆனால் இரண்டு கையும் வேலையில் இருக்கிறது.

பெட்டி விழுந்தால் போகட்டும். இன்னொன்று செய்யலாம். ஆனால் விழுகிற சத்தத்துக்கு இவர் கண்ணைத் திறப்பார். குனிந்து பிடிக்கப் பாய்வார். எனக்கு அவரைத் தெரியும். அதோடு அந்த முதுகு போய்விடும்.

நான் சபையில் முன்னால் போனதே இல்லை. வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டால்கூட மாட்டேன் என்பேன். அன்று எப்படி எழுந்தேன் என்று தெரியாது. செருப்பை பெஞ்சடியில் விட்டேன். நடுவழியாக நடந்தேன். ஓடினால் எல்லோரும் பயப்படுவார்கள் என்று நடந்தேன். மேடையேறி, பெட்டியை இடுப்பால் சுவர் பக்கம் தள்ளி, அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். பட்டுச்சேலையோடு.

டீச்சரின் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்று, மறுபடி அசைந்தது. சபையே என்னைப் பார்த்துப் பாடியது. இவர் கண்ணைத் திறந்தார். விரல் நிற்கவில்லை. வாசித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"கீரை கொண்டாரலையா?"

எனக்கு வந்த சிரிப்பைச் சேலைத் தலைப்பால் அடக்கினேன்.

அதற்குப் பிறகுதான் அது வந்தது. கீழே இருந்து. இடுப்பெலும்பில் ஏறி, முதுகில் ஏறி, நெஞ்சுக்கு வந்தது. காதால் இல்லை. பாட்டு மேலே ஏறும் முன்னால் அது ஏறியது. ஜனங்கள் இறங்கும் முன்னால் அது இறங்கியது. ஒரு வரியில் மட்டும் இவர் நிறுத்தினார். இருட்டில் படி இருக்கிறது என்று கால் வைத்து இல்லாமல் போன மாதிரி இருந்தது. மறுபடி வந்து தாங்கினார். அத்தனை பேர் பாட்டையும் அடியில் இருந்து தூக்கிக்கொண்டு போனது, குனியக் கூடாத இந்த மனுஷன்தான்.

இது எனக்குப் புதிதும் இல்லை. பெஞ்சில் இருக்கும்போது பாதத்துக்கு அடியில் லேசாக ஒரு அதிர்வு வரும். வெளியே ஜெனரேட்டர் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமும்.

பாட்டு முடிந்தும் நான் இறங்கவில்லை. இறங்கினால் எல்லோரும் பார்ப்பார்களே. பாஸ்டர் மைக் முன்னால் வந்து என்னைப் பார்த்தார்.

"கடைசி பெஞ்சில இருக்கிறவங்க எல்லாம் இப்படித் தைரியமா முன்னால வரணும்" என்றார்.

சபை சிரித்தது. பிரசங்கம் முழுக்கப் பெட்டி மேல் உட்கார்ந்தே கேட்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பெட்டி இருந்தது. வழக்கம் போலக் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"கேட்டுச்சு" என்றேன்.

சிக்னல் விழுந்து ஆட்டோ நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இதுக்கு முன்னால?"

"கேக்கல."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"முதுகு, முதுகு" என்றேன் நான்.

மறுநாளே பெட்டிக்கு அடியில் ரப்பர் கால் வைத்தோம். அவர் காட்டினார், நான் முடுக்கினேன். இப்போது அது நகர்வதில்லை. நானும் கடைசி பெஞ்சுக்கே போய்விட்டேன். பாட்டு தொடங்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து வைத்துக்கொள்வேன். அவர் அங்கிருந்து ஒரு தரம் பார்ப்பார். பிறகு வரும்.

ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்தும், இந்த மனுஷன் என்ன வாசிக்கிறார் என்று எனக்குத் தெரிய, அந்தப் பெட்டி நகர வேண்டியிருந்தது.