நான் பிடித்து வைத்த ஆர்.சி. புக்கு

பன்னிரண்டு வயதில் மாட்டுவண்டியில் செங்கல் லோடு அடித்தவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தபோது படித்தவர்களெல்லாம் வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வேன் வாங்கி அவர்களை ஏற்றி இறக்கினேன். சேரப்பணஞ்சேரியில் மாடி வீடு, இருங்காட்டுக்கோட்டையில் பதினோரு வாடகை ரூம், எல்லாம் இந்தக் கையால் வந்தவை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இனி சொல்லப்போவது நான் நடுநடுங்கிப் போன கதை.

2014ஆம் வருஷம். என்னிடம் ஒரு வெள்ளைக் குட்டியானை இருந்தது. சின்ன சரக்கு வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம். அதை விற்றுவிடலாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டாள். ஒரு வாரத்தில் தென்காசிக்காரர் ஒருவர் வந்தார். கார் கம்பெனியில் லைன் வேலை, முப்பது முப்பத்திரண்டு வயது. ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் தண்ணீர் கேன் போட வண்டி வேண்டும் என்றார். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு முடித்தோம். பணத்தை பெங்களூரில் இருக்கும் அவர் மச்சான் கார்டிலிருந்து ஆன்லைனில் போடுவதாகப் பேச்சு. அதற்கென்று இருக்கும் ஒரு சைட்டில் மகள் என் பேங்க் கணக்கைச் சேர்த்துக் கொடுத்தாள்.

பணம் வந்த அன்று அவர் என் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். செல்போனில் பேங்க் மெசேஜ் வந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அதை வெளியாளிடம் எப்படிக் காட்டிக்கொள்வது? மெசேஜை ஏற இறங்கப் பார்த்து, "சரியா கீது, எடுத்துக்கினு போபா" என்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.

சாயந்திரம் மகள் வந்து வாசித்தாள்.

"அப்பா, ரெண்டாயிரத்து எண்ணூறு கொறையுது. சைட்டுக்காரன் நூத்துக்கு ரெண்டு ரூபா பிடிச்சிக்கினு மீதியத்தான் போட்டுகிறான்."

உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, மச்சான் முழுசாத்தான் போட்டாரு. பிடிச்சது சைட்டுக்காரன். நான் என்ன செய்ய?"

"நீ இன்னா போட்டன்றது எனக்கு எதுக்குபா? என் கைக்கு இன்னா வந்துச்சி? ஆன்லைன்ல போடறன்னு சொன்னது யாரு, நானா?"

"சைட்டு உங்க மக சொன்னதுதான அண்ணாச்சி?"

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது என் பழக்கம். "மீதி வந்தாத்தான் புக்கு. அதுவரைக்கும் ஆர்.சி. புக்கு எங்கிட்டயே இருக்கட்டும். பேர் மாத்துற ஃபாரத்துலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான் இது. வண்டி போனாலும் புக்கு கையில் இருந்தால் பிடி நம்மிடம். அந்த வாரம் முழுக்க டீக்கடையில் இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை அதே டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "ஒரகடம் ரோட்ல நேத்து ஒரு குட்டியானை பைக்காரன அடிச்சி தூக்கிடுச்சாம். ஆள் ஆஸ்பத்திரில கெடக்குறானாம். டிரைவரு எகிறி ஓடிட்டான்."

"இன்னா கலரு வண்டி?"

"வெள்ள."

டீ கிளாஸை வைத்துவிட்டேன். படப்பைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டியை விற்றுவிட்டுப் பேர் மாற்றாமல் விட்டார். வாங்கியவன் அதைக் கொண்டு ஒரு ஆள் மேல் மோதினான். கோர்ட்டில் புக்கில் இருக்கிற பேரைத்தான் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி. அவர் நிலத்தை விற்றுத்தான் கட்டினார். என் வண்டியின் இன்சூரன்ஸும் போன மாசமே முடிந்திருந்தது. விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு என்று நானே விட்டிருந்தேன்.

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ஓடிவிட்டான் என்றே முடிவு செய்துவிட்டேன். வீடும் பதினோரு ரூமும் கண் முன்னால் ஏலத்துக்குப் போயின.

மகளிடம் சொல்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். காம்பவுண்டுக்குள் வெள்ளைக் குட்டியானை ஒன்று சுவரைப் பார்த்தபடி நின்றது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பின்னால் நம்பர் பலகையை மறைத்துக்கொண்டு இரண்டு பைக்குகள். உள்ளே நாலடி போனால் தெரிந்துவிடும். கேட்டிலேயே நின்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

கான்ஸ்டபிள் ஒருவர் கேட்டார்: "இன்னா பெருசு, உன் வண்டியா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னாத்துக்கு எட்டிப் பாக்குற? கெளம்பு."

என் வாழ்க்கையில் என் சொத்தை என்னுடையது இல்லை என்று சொன்னது அந்த ஒரு தரம்தான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். புக்கையும், கையெழுத்துப் போடாத ஃபாரங்களையும் பையில் போட்டுக்கொண்டு இருங்காட்டுக்கோட்டையில் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். அவர் ரூம் பூட்டியிருந்தது. வண்டி நிற்கிற இடத்தில் வண்டி இல்லை. பக்கத்து ரூம்காரர் பல் விளக்கிக்கொண்டே, "ஃபர்ஸ்ட் ஷிப்ட் போயிருக்காப்ல. போனை கேட்லயே வாங்கி வச்சிருவாங்கல்ல?" என்றார்.

எட்டு வருஷமாகக் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன் நான். லைனுக்குள் போன் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பயத்தில் அது நினைவுக்கே வரவில்லை. இருந்தாலும் வண்டி எங்கே?

கம்பெனி கேட்டுக்கு எதிரே வெயிலில் மூன்றரை மணி வரை நின்றேன். ஷிப்ட் விட்டு நூறு நூறு பேராக ஒரே கலர் சட்டையில் வந்தார்கள். எல்லா முகமும் அவர் முகமாகவே தெரிந்தது. கடைசியில் அவரே என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இங்க வந்து நிக்கிய? இப்படி வேர்த்து ஊத்துது?"

"வண்டி எங்கபா?"

"கிளட்ச் தேஞ்சிட்டு. முந்தாநேத்தே மெக்கானிக்கிட்ட விட்டுட்டேன். நல்ல வண்டிதான் குடுத்திய, போங்க."

அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு, பையின் மேலேயே ஃபாரங்களை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகப் போனது.

"ரெண்டாயிரத்து எண்ணூறு?" என்றார்.

"அது என்னோட போவட்டும். மொதல்ல இன்சூரன்ஸ் போடு."

"நான் போடாமலா இருந்தேன்? புக்கு இல்லாம முடியாதுன்னுட்டாங்க. ஒரு வாரமா போலீஸக் கண்டா சந்துக்குள்ள விட்டு ஓட்டிக்கிட்டிருந்தேன்."

எனக்கு மறுபடியும் வேர்த்தது. அந்த ஆபத்தைச் செய்து வைத்தது என் பெட்டியில் பூட்டியிருந்த புக்கு. அன்று சாயந்திரமே கூட்டிப் போய் என் கைக்காசில் இன்சூரன்ஸ் போட்டேன். இரண்டாயிரத்து எண்ணூறைப் போல ஐந்து மடங்குக்கு மேல் ஆனது. சம்பளம் வந்ததும் இரண்டு தவணையில் அவர் திருப்பிக் கொடுத்தார், அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சைட்டுக்காரன் பிடித்ததில் பாதியையும் சேர்த்துக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பேர் மாறி வர ஒரு மாசம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மாசமும் வண்டி எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருந்தேன். சிரித்துக்கொண்டே செய்தார். அவருக்கு அப்போது நைட் ஷிப்ட். காலையில் "அண்ணாச்சி, எடுக்கேன்" என்பார். மதியம் "நிப்பாட்டிட்டேன்" என்பார். நடுவில் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் "எடுக்கேன்" வந்தது, மற்றது வரவில்லை. இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது.

"மறந்துட்டேன் அண்ணாச்சி. ஆர்.டி.ஓ. ஆபீஸ்லருந்து புக்கு வந்துட்டு. எம்பேருதான் போட்டிருக்கு."

"வாசிச்சிக் காட்டு" என்றேன்.

அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். முடிந்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.