ஏழாம் நம்பர் எங்கே போனது?

டேட்டாபேஸ் பார்க்கிற வேலையில் ஒரு வசதி உண்டு. எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை நாம் உயிரோடு இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் தலையில் சீயக்காயோடு இருந்தாலும் போன் வந்துவிடும். இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சகபாவிகளே, இது உங்களுக்காக.

என் பெயர் மேகலா, இருப்பது புதுக்கோட்டை. எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயதில் ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். வருகிறவர்களின் போன் நம்பரைப் பதிந்துகொண்டு வரிசையாகக் கூப்பிடுவதுதான் அதன் வேலை. மாவட்டத்தில் மூன்று இடங்களில் அது இன்னமும் ஓடுகிறது. போன வருடம் மூன்றிலும் இன்ஜின் மாற்றினேன். அந்தக் கூத்தில் பொன்னமராவதியில் ஸ்டெல்லா என்ற பெண்ணின் வேலை போகப் பார்த்தது. காரணம் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலு கால் டேபிள்

ஸ்டெல்லா ஒரு டாக்டரின் கிளினிக்கில் வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் போடுகிறவள். அவள் கணவர் சிங்கப்பூர் வேலை முடிந்து திரும்பி வந்து சும்மா இருந்த நேரம் அது. வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். ஒருநாள் காலையில் கரண்ட் போய் வந்ததும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்திருக்கிறது. ஸ்டெல்லா அதை அப்படியே உள்ளே போய்ச் சொன்னாள்: "சார், டேபிள் கிராஷ் ஆயிருச்சாம், ரிப்பேர் பண்ணணுமாம்." டாக்டர் ஒருவருடைய நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்திருந்தார். பாதிதான் காதில் விழுந்தது. "ஆசாரியக் கூப்பிடு" என்றுவிட்டார்.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஆசாரி மேசைக்கு அடியில் படுத்திருந்தார். நாலு காலையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தானே இருக்கு, யாரு கிராஷுன்னு சொன்னது?" என்று கேட்டார். உடைந்தது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற டேபிள். நாம் பதிகிற பட்டியலுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். பத்து நிமிடத்தில் சரி செய்துவிட்டேன். ஆனால் அதற்குள் கூடம் முழுக்கச் சனம் நின்றுவிட்டது. டாக்டர் வெளியே வந்து எல்லார் முன்னாலும் ஸ்டெல்லாவிடம் சொன்னார்: "நீதான் எதையாச்சும் அமுக்கிக்கிட்டே இருக்க. இன்னொரு தடவ நின்னுச்சு, அந்தச் சேருக்கு வேற ஆளு பாத்துருவேன்."

எத்தனை எச்பி?

கரண்ட் போனால் டேபிள் உடைவது ஸ்டெல்லாவின் குற்றமில்லை. பதிவுகளை டிஸ்க்கில் எழுதி வைக்கிற பகுதியை இன்ஜின் என்போம். நான் அன்றைக்குப் போட்டது பழைய இன்ஜின். பாதி எழுதும்போது கரண்ட் போனால் அது படுத்துவிடும். புதியது அந்தப் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து நிற்கும். பழசின் பெயர் மைஐசாம், புதுசின் பெயர் இன்னோடிபி. சீட்டில் எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் தேடிப் பார்ப்பார்கள். "இன்ஜின மாத்திட்டா ஒங்க மேல ஒரு பேச்சு வராது" என்று ஸ்டெல்லாவுக்கு வாக்குக் கொடுத்தேன். ஆனால் கிளினிக்கில் கை வைப்பதற்கு முன் வேறு இடத்தில் செய்து பார்க்க வேண்டுமே.

கட்டுமாவடியில் ஒரு ஐஸ் கம்பெனி. எந்தப் படகுக்கு முதலில் ஐஸ் என்பதை அங்கே என் மென்பொருள்தான் சொல்கிறது. முதலாளிக்குப் போன் செய்து, "நாளைக்குக் காலையில இன்ஜின் மாத்த வாரேன், ஒரு மணி நேரம் எல்லாத்தையும் நிப்பாட்டி வைங்க" என்றேன். போய்ப் பார்த்தால் ஒரு படகு கடலுக்குப் போகாமல் நிற்கிறது. பக்கத்தில் இன்ஜினைத் தூக்குகிற செயின் பிளாக்கோடு மெக்கானிக். "எத்தனை எச்பி மேடம்?" என்று கேட்டார். நான் ஆபீஸ் அறைக்குள் போய் ஒரே ஒரு வரி அடித்தேன். நாலு நொடியில் இன்ஜின் மாறிவிட்டது. பின்னாலேயே வந்து திரையை எட்டிப் பார்த்த மெக்கானிக் சொன்னார்: "இம்புட்டூண்டு இன்ஜினா? இத மாட்டுனா படகுல இன்னும் ரெண்டு பேரு ஏறலாமே!"

ஆறில் ஆரம்பிக்கிற சிம்

அடுத்தது கந்தர்வக்கோட்டை. கதிர் அறுக்கிற மிஷினை வாடகைக்கு விடுகிற ஒரு கடை. முதலில் பதிந்தவர் வயலுக்கு மிஷின் முதலில் போகும். இன்ஜின் மாற்றிய மறுநாள் கடைக்காரர் போனில் கத்தினார். நேற்றுச் சாயந்திரம் பதிந்த பையன் வயலில் மிஷின் இறங்கிவிட்டது. பத்து நாளுக்கு முன் பதிந்தவர் வரப்பில் நின்று வானத்தைப் பார்க்கிறார். மழை வருகிற மாதிரி இருந்தது.

அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. "வந்த வரிசையில் காட்டு" என்று நான் எங்கேயும் எழுதவே இல்லை. பழைய இன்ஜின் எழுதிய வரிசையிலேயே படித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் பழக்கத்தை என் சாமர்த்தியம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். புதிய இன்ஜின் போன் நம்பர் வரிசையில் அடுக்கியது. ஆறில் ஆரம்பிக்கிற புது சிம்காரர்கள் எல்லாம் முன்னால், ஒன்பதில் ஆரம்பிக்கிற பழைய ஆட்கள் எல்லாம் பின்னால். விட்டுப்போன வரியைச் சேர்த்துவிட்டு, அந்த வரப்பில் நின்ற பெரியவரிடம் வெட்கத்தோடு நேரிலேயே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "சரித்தா, எதுக்கும் எனக்கும் ஆறுல ஆரம்பிக்கிற சிம்மு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போ."

கரண்ட் போனது

பிறகு கிளினிக்கில் மாற்றினேன். மூன்றாம் நாள் ஸ்டெல்லா போன் செய்தாள்: "அக்கா, கரண்டு போயி வந்துருச்சு. ஒண்ணுமே ஆகல. எனக்குப் பயமா இருக்குக்கா."

ஏழு

அவள் பயம் வீண்போகவில்லை. அடுத்த வாரம் மறுபடி போன். "அக்கா, நம்பரு தாவுதுக்கா. ஆறுக்கு அடுத்து எட்டு வருது." டோக்கன் எண் தானாக விழும்படி நான்தான் செய்து வைத்திருந்தேன். அது எப்படித் தாவும்? "நீங்க ரெண்டு தடவ அமுக்கியிருப்பீங்க" என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, டாக்டர் சொன்ன அதே பேச்சு. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

தினமும் இரண்டு மூன்று நம்பர் காணாமல் போனது. ஸ்டெல்லா தன் சொந்தக்காரர்களுக்கு டோக்கனை எடுத்து ஒளித்து வைக்கிறாள் என்று கூடத்தில் பேச்சு கிளம்பியது. டாக்டர் அதை நம்பிவிட்டார். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார். செய்தி தெரிந்து வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஓடினேன். ஸ்டெல்லா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு அம்மா வந்து போன் நம்பர் சொல்லி ஆறாம் டோக்கன் வாங்கினார். வண்டியை நிழலில் விட்டுவிட்டு வந்த அவர் கணவர், மனைவி பதிந்தது தெரியாமல் அதே நம்பரைச் சொன்னார். வீட்டுக்கே ஒரு போன்தான். 'ஏற்கெனவே பதிந்த எண்' என்று திரை மறுத்தது. "ஒங்க வீட்டு அக்கா முன்னாடியே டோக்கன் போட்டுட்டாங்கண்ணே" என்று ஸ்டெல்லா அவரை உட்காரச் சொன்னாள். அடுத்து வந்தவருக்கு விழுந்தது எட்டு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழைய இன்ஜினில், மறுத்த பதிவுக்கு எண் செலவாகாது. புதிய இன்ஜின் ஒரு எண்ணைக் கையில் எடுத்துவிட்டால், பதிவு ஏறினாலும் ஏறாவிட்டாலும் திருப்பி வைக்காது. கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

டாக்டரை வெளியே கூப்பிட்டு, கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "ஏழாம் நம்பர ஸ்டெல்லா யாருக்கும் குடுக்கல சார். நான் மாத்துன இன்ஜினு தின்னுருச்சு. அந்த நம்பருக்கு ஆளே கிடையாது." எட்டாம் டோக்கன்காரர் எழுந்தார்: "ஆளே இல்லாதவனுக்குப் பின்னாடி நான் எதுக்கு நிக்கணும்? என்னய ஏழுன்னு எழுதுங்க."

வெள்ளைப் பலகை

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, வேலையப் பாரு" என்று உள்ளே திரும்பினார். ஸ்டெல்லா எழுந்து நின்றாள். "திட்டுனது எல்லார் முன்னாடியும் திட்டுனீங்க சார். இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போங்க." டாக்டர் நின்றார். காது சிவந்துவிட்டது. திரும்பி, கூடத்தைப் பார்த்து, "ஸ்டெல்லா மேல தப்பு இல்ல, நான் பேசுனதுதான் தப்பு" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பதிவு ஏறிய பிறகே டோக்கன் எண் கொடுக்கும்படி மதியத்துக்குள் மாற்றிவிட்டேன். கிளம்பும்போது நானும் ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் டாக்டர் வருகிற நேரம் எழுதுகிற வெள்ளைப் பலகையில் மார்க்கரால் பெரிதாக எழுதினாள்: 'விடுபட்ட நம்பருக்கு மேகலா அக்கா பொறுப்பு.' கீழே என் போன் நம்பர். அது அழிகிற மார்க்கர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போதும் வாரத்துக்கு ஒரு போன் வரும்: "ஏழாம் நம்பர் மேடமா பேசுறது? என் நம்பரு பதினொண்ணு, அது பத்திரமா இருக்கான்னு பாருங்க."

ஆக, இன்ஜின் மாறிவிட்டது, நம்பர் தாவுவதும் நின்றுவிட்டது, எத்தனை தடவை கரண்ட் போனாலும் அழியாமல் இருப்பது அந்தப் பலகையில் என் பெயர் மட்டும்தான்.