இயந்திரச் சத்தத்தில் ஒரு ஜெபம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் வாசல். இரண்டு மணி ஷிப்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். எதிரே டீக்கடை பெஞ்சில் கேள்விப் படிவங்களோடு தனியாக உட்கார்ந்திருக்கிறேன். லுத்தரன் இறையியல் கல்லூரியில் பக்தியின் உளவியல் கற்பிக்கிறவன் நான். ஜெபிக்கும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதுகிறேன். இன்ஷூரன்ஸ்காரன் என்று நினைத்துப் பலர் விலகிப் போகிறார்கள்.

ஆலையில் இரும்புத் துண்டு பொறுக்கும் எஸ்தர் மட்டும் வந்து உட்காருகிறார். நான் யார் என்று சொல்லி, எங்கே ஜெபிப்பீர்கள் என்று கேட்கிறேன்.

"மிஷின் பக்கத்துலதான் பாஸ்டர். ஊட்ல வாய்விட்டு அழுதா பசங்க பயந்துக்கும். சர்ச்ல இன்னா, ஏதுன்னு கேப்பாங்க. இங்க அல்லாரும் காதுல பஞ்சு வெச்சிக்கினு இருப்பாங்க. கத்திக் கத்தி ஜெபம் பண்ணுவேன், ஒருத்தருக்கும் கேக்காது. நீங்க எங்க பண்ணுவீங்க?"

வகுப்பில் ஜெபிக்கிறேன், ஆராதனையில் ஜெபிக்கிறேன். தனியாக இருக்கும்போது, மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து ஒரு வார்த்தைகூட வருவதில்லை. யாரிடமும் சொல்லாததை இவரிடம் சொல்லிவிடுகிறேன்.

ஆலைச் சங்கு ஊதுகிறது. எஸ்தர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டே எழுகிறார்.

"இன்னிக்கு உங்களுக்கும் சேத்து கத்தறேன். பேரு இன்னா?"

சொல்கிறேன். அவருக்குக் கேட்கவில்லை. வாசலைத் தாண்டப் போகிறவரைப் பார்த்து மறுபடியும் சொல்கிறேன். மூன்றாவது முறை கத்துகிறேன், தொண்டை கிழிய. தெருவே திரும்பிப் பார்க்கிறது.

எஸ்தர் தலையாட்டிவிட்டு உள்ளே போகிறார். டீ ஆறும்வரை ஆலையின் இரைச்சலையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.