குங்குமம் வழிந்த இரும்பு

கைப்பற்றிய பொருள் இன்னதென்று தெரியாவிட்டால், விஷயம் தெரிந்தவரிடம் எழுத்தில் கருத்துக் கேட்ட பிறகே மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். காலமெல்லாம் அரச அலுவலகத்தில் இருந்தவனுக்கு இது மனப்பாடம். ஆனால், போன ஆயுத பூசை முடிந்து இரண்டாம் நாள், ஹட்டன் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் இதை நான் வாய்திறந்து சொல்லியிருக்கவே கூடாது.

என் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைச் சோதனையில் பிடித்துவிட்டார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு பழைய இரும்பு. ஒரு பக்கம் சின்னக் கோடரி, மறுபக்கம் சுத்தியல், கோடரி அலகில் ஒரு பிளவு. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் ஒன்றை இடித்தபோது கிடைத்ததாம். எதற்கானது என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் பூசைக்கு ஸ்பேனர்களோடு அதையும் வைத்து, சந்தனம் பூசி, குங்குமம் இட்டிருக்கிறார். பனி ஈரத்தில் குங்குமம் கரைந்து அலகெல்லாம் சிவப்பாக வழிந்திருந்தது. பொலிசுக்கு வேறென்ன வேண்டும்?

அன்று வெள்ளிக்கிழமை. மாலைக்குள் விடாவிட்டால் நீதவானிடம் கொண்டுபோவார்கள். பிறகு சனி, ஞாயிறு, திங்கள் பௌர்ணமிப் போயா விடுமுறை. அதுவரை சிறையில் மறியல்தான். அவருடைய மனைவி வாங்குப் பலகையில் உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

கடைசியில் பொறுப்பதிகாரியிடம் போய், நல்ல சிங்களத்தில் விதியை எடுத்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"மாத்தயா சொல்றது சரி. கொழும்புக்கு எழுதுவோம். பதில் வரும்வரை ஆள் உள்ளே இருக்கட்டும்."

கடிதத்தின் வாசகத்தையும் என்னிடமே கேட்டு எழுதிக்கொண்டார்.

"ஐயா, நீங்க காப்பாத்த வந்தீங்களா, கட்டிப்போட வந்தீங்களா?" என்றார் அந்த மனைவி. மேசையில் கிடந்த இரும்பைப் போனில் படம் பிடித்து, பஜார் மளிகைக்கடை முதலாளிக்கு அனுப்பினார். "சாமான் தெரியாம கடை நடத்துவாங்களா?"

கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார். கையில் ஆணி அடித்த பழைய தேயிலைப் பெட்டி.

"என்னங்க சார், ஆயிரம் பைல் திறந்திருப்பீங்க, ஒரு பெட்டி திறந்ததில்லையா?"

அலகை மூடிக்கு அடியில் விட்டு நெம்பினார். பிளவில் ஆணியைக் கவ்விப் பிடுங்கினார். இரும்பைத் திருப்பி, அதே ஆணியை அறைந்து இறக்கினார். பொறுப்பதிகாரிக்கு ஆசை தாங்கவில்லை. வாங்கி ஒரே நெம்பு. மூடி பறந்தது. உள்ளே மிளகாய்த்தூள்! தும்மல் அடங்கியதும், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கூட்டிக்கொண்டு போங்க" என்றார். அப்போதும் வெளியே வெளிச்சம் இருந்தது.

ஆனால் கடிதம் அதற்குள் கிளம்பிவிட்டது. அதை நிறுத்த விதி இல்லை.

இப்போதெல்லாம் ஒரு விதியைச் சொல்லுமுன், அது யாரை உள்ளே வைக்கும் என்று யோசித்துவிட்டே சொல்கிறேன். பொருளை நேரில் அனுப்பும்படி கொழும்பிலிருந்து பதில் வந்தது, சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் நாள்.