ஒச்சாயி பட்டியின் கறுங்கிடாய்

ஒச்சாயி எழுமலையில் பிறந்தவள். உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பிச் சோளம் விதைக்கும் ஒரு சிற்றூரில் முத்திருளனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். சீராகப் பித்தளைப் பாத்திரங்களோடு பதினைந்து பெட்டைச் செம்மறிகளும் வந்தன. பதினைந்தும் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஆட்டை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் நுழையும்போதே எவனோ ஒருவன், "பொண்ணு கறுப்பு, ஆடு வெள்ளை, மாத்தி அனுப்பிட்டாகளோ?" என்று கேட்டான். "ரெண்டும் எங்க வீட்டுதுதான். வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, திரும்பிப் போறேன்" என்று கல்யாணப்பெண்ணே பதில் சொன்னாள். அவளுக்கு வாய் நீளம் என்று ஊர் அன்றே முடிவு கட்டிவிட்டது. அந்த முடிவில் தப்பொன்றும் இல்லை.

முத்திருளன் வீட்டுக்கு ஒரு பெருமை இருந்தது. மாசிச் சிவராத்திரி கழிந்த விடியற்காலையில் அவர்கள் பங்காளிக் கூட்டத்துக் கருப்பசாமிக்கு வெட்டும் முதல் கிடாய் அந்த வீட்டுப் பட்டியிலிருந்துதான் போக வேண்டும். கிடாய் வருஷம் திரும்பாத இளசாக இருக்க வேண்டும். உடம்பில் ஒரு வெள்ளை மயிர்கூடக் கூடாது. வாங்கி வந்ததும் செல்லாது, அதைப் பெற்ற தாயும் தகப்பனும் அதே பட்டியில் பிறந்திருக்க வேண்டும். இத்தனையும் பொருந்திய கிடாயைக் கொடுக்கிற வீட்டுக்காரனுக்குத்தான் முதலில் பரிவட்டம் கட்டுவார்கள். மூன்று மாசி தொடர்ந்து தவறினால் உரிமை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். அதுவரைக்கும் தவறியதே இல்லை. பட்டி முழுக்கக் கறுப்பாடுகள்தான் என்பதால் யாரும் அதை ஒரு பாடாகவே நினைத்ததில்லை.

ஒச்சாயி வந்த மறு வருஷம் ஆனியில் துள்ளுமாரி நோய் வந்தது. காலையில் நன்றாக மேய்ந்த ஆடு சாயங்காலம் துள்ளி விழுந்து செத்தது. கறுப்பாடுகளில் ஒரு கிழக் கிடாய் தவிர எல்லாம் போயின. வேறு மேய்ச்சலில் நின்ற அவளுடைய வெள்ளை ஆடுகள் தப்பித்தன. கிழக் கிடாய் எப்படியோ ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, அந்த வெள்ளைப் பெட்டைகளுக்கு இரண்டு ஈற்றுக்குக் குட்டிகளைக் கொடுத்துவிட்டுச் செத்தது. பிறந்த குட்டிகள் அத்தனையும் வெள்ளை. கறுப்பாக ஒரு காது, ஒரு குளம்போரம், எதுவும் இல்லை.

நோய்க்குப் பிறகு வந்த முதல் மாசிக்கு முத்திருளன் சந்தையில் ஒரு கறுங்கிடாயை வாங்கிக்கொண்டு போனான். கூட்டத்துப் பெரியவர் பேயாண்டி அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். இரண்டாவது மாசிக்கு அவன் வெறுங்கையோடு போய் ஓரமாக நின்றான். அடுத்த பங்காளி விருமாண்டி, முத்திருளனுக்குத் தம்பி முறை, மீசையைத் தடவிக்கொண்டே ஊர் கேட்கச் சொன்னான்:

"மதினி கொண்டாந்த ஆடு நம்ம பட்டிக் கறுப்பைக் குடிச்சிருச்சுல்ல. வந்த சீரு அப்படி!"

கூட்டம் சிரித்தது. ஒச்சாயிக்கு முதல் தடவையாகப் பதில் வரவில்லை. புருஷன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்வான் என்று பார்த்தாள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் அப்படித்தான் நினைக்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. ஊர் சிரித்ததைவிட அதுதான் அவளை அதிகம் சுட்டது.

அந்தப் பங்குனியில் உசிலம்பட்டிச் சந்தைக்கு மாட்டு டாக்டர் பிச்சுமணி ஊசி போட வந்திருந்தார். மதுரைக்காரர், சின்ன வயசு. ஆட்டைப் பிடிக்கத் தெரியாமல் வேட்டியெல்லாம் புழுக்கையாக நின்றார். ஒச்சாயி அவருக்கு ஆடுகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"சாமி, வெள்ளாடு இல்ல, வெள்ளைச் செம்மறி. அது கிடாயோட கறுப்பைக் குடிச்சிருமா?"

"குடிக்கிறதாவது! யார் சொன்னா?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். பிச்சுமணி ஊசியை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, எங்கோ சீமையில் ஒரு பாதிரியார் பட்டாணிச் செடியை வைத்து இதே விஷயத்தைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

"இதோ பாரும்மா. ஒவ்வொரு ஆட்டுக்குள்ளயும் நிறத்துக்கு ரெண்டு பங்கு இருக்கு. ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. அது குட்டி போடறச்சே ரெண்டுல ஒண்ணைத்தான் குடுக்கும். உன் குட்டிக்கெல்லாம் கிழக் கிடா குடுத்தது கறுப்புப் பங்கு, தாய் குடுத்தது வெள்ளைப் பங்கு. வெள்ளை ஒண்ணு இருந்தாப் போறும், மேல வெள்ளையாத்தான் தெரியும். கறுப்பு உள்ளே அப்படியே இருக்கும். கரையாது, கலங்காது."

"அப்ப அது எப்ப வெளிய வரும்?"

"ரெண்டு பக்கமும் கறுப்புப் பங்கு வந்து சேர்ந்தா வரும். அந்தக் குட்டிகளுக்குள்ளேயே சேர்த்தா, நாலுல ஒண்ணு கறுப்பாப் பிறக்கணும். ஆனா நான் படிச்சதைச் சொல்றேன். ஆட்டுல பண்ணிப் பார்த்ததில்லை. நாலுல ஒண்ணுங்கறதும் சத்தியம் இல்லை, அதிர்ஷ்டத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். அதுலயும் கிடா வேற வேணுங்கறே."

பங்கு என்றால் ஒச்சாயிக்குத் தெரியாதா? பங்குக்காக வெட்டுக்குத்து நடந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். தகப்பன் பங்கு வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. வெளியில் வர விடாமல் தடுத்துக்கொண்டிருப்பது எது என்றும் அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

முத்திருளன் வீட்டில் ஆட்டுக்கும் முறை பார்ப்பார்கள். ஒரு கிடாய்க்குப் பிறந்ததெல்லாம் அண்ணன் தங்கை, பங்காளி. அவற்றைச் சேர விடக் கூடாது. முன்பு மூன்று வழிக் கிடாய்கள் இருந்ததால் முறை தவறாமல் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பட்டியில் பிறந்த பெட்டைகளுக்கெல்லாம் கிழக் கிடாய்தான் தகப்பன். அதனால் முத்திருளன் வெளியூரிலிருந்து ஒரு வெள்ளைக் கிடாய்க்குச் சொல்லி வைத்திருந்தான். வீட்டில் பிறந்த கிடாய்களில் விற்காமல், காயடிக்காமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதையும் அந்த வாரம் விற்பதாக இருந்தான். மனுஷருக்கு வைத்த முறையை ஆட்டுக்கும் வைத்து, இவர்களே கறுப்பைக் கதவடைத்து வைத்திருந்தார்கள்!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"மச்சான், அந்தக் கிடாயை விக்காதீக. நம்ம பெட்டைகளோட விடுங்க."

"உனக்குக் கிறுக்கா? எல்லாம் ஒரு தகப்பன் புள்ளைக. பங்காளிக்குள்ள எப்படி விடறது?"

"ஆட்டுக்கு ஏது பங்காளி? அதுக என்ன பரிசம் போட்டுப் பந்தி வைக்கப் போகுதுகளா?"

"ஊரு காறித் துப்பும்."

"இப்ப மட்டும் பூமாலையா போடுது?" என்றாள். "எஞ் சீரு கறுப்பைக் குடிச்சிருச்சுன்னு அம்புட்டுப் பேரு சிரிச்சப்ப நீங்க வாயத் திறக்கல மச்சான். குடிக்கலன்னு நாந்தான் காட்டணும். ஒரு வருசம் விட்டுக் குடுங்க. தப்பிப் போச்சுன்னா எம் பதினஞ்சு ஆட்டையும் ஓட்டிக்கிட்டு எழுமலைக்கே போறேன்."

முத்திருளன் நல்லவன்தான், தைரியம்தான் கொஞ்சம் மட்டு. அன்றைக்கு அவள் கண்ணைப் பார்த்தவன் எழுந்து போய், வெளியூர்க் கிடாய் வேண்டாம் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினான். ஒச்சாயி அதோடு நின்றாளா? மறுநாள் கிணற்றடியில் நின்று, "வார மாசிக்கு முதக் கிடாய் எம் பட்டியில இருந்துதான் வரும், எழுதி வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டாள்.

கிழக் கிடாய்க்குப் பிறந்த பெட்டைகளில் பன்னிரண்டு சினைப்பட்டன. "அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் முடிச்சு வச்ச புண்ணியவதி" என்று விருமாண்டி அவளுக்குப் பட்டம் கட்டினான். ஆவணியில் குட்டி போடத் தொடங்கின. விருமாண்டிக்கு வேறு வேலையே இல்லாமல் போனது. காலையில் வேலிக்கு வெளியே வந்து நின்றால் வெயில் ஏறும்வரை நகர மாட்டான். அவனோடு நாலு பேர்.

முதல் குட்டி வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் வெள்ளை. "பால் கறந்து ஊத்துன மாதிரி இருக்கு மதினி" என்றான் விருமாண்டி. முத்திருளன் பட்டிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். ஒச்சாயிக்கே சந்தேகம் வந்தது. படித்ததைச் சொன்னேன் என்றுதானே அந்த மனுஷரும் சொன்னார், புத்தகத்தில் இருப்பது பட்டாணிக்குத்தானோ என்னவோ என்று நினைத்தாள்.

ஆறாவது குட்டி விழுந்தபோது அவள்தான் ஏந்தினாள். ஈரத்தில் சரியாகத் தெரியவில்லை. முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கறுத்தது. கறுப்பென்றால் அடுப்புக்கரிக் கறுப்பு! இரண்டு வெள்ளைகளுக்குப் பிறந்த கறுப்பு அவள் மடியில் கிடந்து 'ம்மே' என்றது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள். ஒச்சாயி குட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டை.

ஆனாலும் அவள் சிரித்தாள். வாய்விட்டு, அழுகையும் கலந்து சிரித்தாள். கிடாய் பிறக்கட்டும், பிறக்காமல் போகட்டும், அவள் சீர் எதையும் குடிக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. முத்திருளன் ஓடி வந்து குட்டியைக் கையில் வாங்கினான். "எங்க கிழவன் திரும்பி வந்துட்டான்டி" என்றான்.

அடுத்து ஒரு ஆடு இரட்டை போட்டது, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. கறுப்பு பெட்டை. பிறகு இரண்டு வெள்ளை. பிறகு இன்னொரு கறுப்பு, அதுவும் பெட்டை. விருமாண்டிக்கு மூச்சு திரும்பியது.

"கருப்பசாமி எப்ப இருந்து மதினி பெட்டைக்குக் கையேந்துறாரு?"

"பொறுங்க கொழுந்தனாரே, பந்தி இன்னும் முடியல" என்றாள். அவள் வாய் திரும்பிவிட்டது. ஆனால் இனி இரண்டே ஆடுதான் பாக்கி. ஒன்று மறுநாள் வெள்ளைக் கிடாயைப் போட்டது. கடைசி ஆடு நாலு நாள் இழுத்தடித்தது. பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தூறலுக்கு நடுவே அது குட்டி போட்டது. ஒச்சாயி முதலில் நிறத்தைப் பார்த்தாள், கறுப்பு. காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"கிடாய்!" என்று அவள் போட்ட கூச்சலில் ஆடுகள் மிரண்டு சிதறின. வேலியோரம் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். அடுத்த சந்தைக்குப் பிச்சுமணி வந்தபோது அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். பதின்மூன்றில் நாலு கறுப்பு என்றதும் அவர் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார். "கணக்கைவிட ஒண்ணு அதிகமாவே குடுத்திருக்கே!" என்றார். கல்லூரியில் கரும்பலகையில் பார்த்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளோடு ஊர்வரை நடந்தே வந்தார்.

மாசி வந்தது. விடியற்காலை, கோயில் முன்னால் கூட்டம். முத்திருளன் கிடாயைக் கொண்டுபோய் நிறுத்தினான். பேயாண்டி உட்கார்ந்து மயிரை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தார். காதுக்குள், வயிற்றடியில், குளம்பிடுக்கில் எல்லாம் பார்த்தார். குறை சொல்ல எதுவும் இல்லை.

"தாயும் வெள்ளை, தகப்பனும் வெள்ளை" என்று விருமாண்டி எழுந்தான். "கறுப்பு எப்படி வரும்? சந்தையில வாங்கிப் பட்டிக்குள்ள விட்டிருப்பாக."

பேயாண்டி அவனைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டா, ஆவணி பூரா அவ வேலியத் தாங்கிக்கிட்டு நின்னது நீதானடா? இது வயித்துல இருந்து விழுந்தப்ப நீ பாக்கலியா?"

கூட்டம் இந்த முறை யாரைப் பார்த்துச் சிரித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. "பாத்தேன்" என்றான் விருமாண்டி. பிறகும் விடவில்லை. "சரி, இருக்கிறது ஒரே கிடாய். இதை வெட்டிட்டா அடுத்த மாசிக்கு? மறுபடியும் வெள்ளைதான?"

பேயாண்டிக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. முத்திருளன் மனைவியைப் பார்த்தான். அன்றைக்கு அவன் தரையைப் பார்க்கவில்லை. "நீயே சொல்லு ஒச்சாயி" என்றான்.

அவள் முன்னால் வந்தாள்.

"தாராளமா வெட்டுங்க மாமா. எங்கிட்ட மூணு கறுப்புப் பெட்டை இருக்கு. இதோட தகப்பன் மேலதான் வெள்ளை, உள்ள ஒரு பங்கு கறுப்பு. அதையும் அந்தப் பெட்டைகளையும் சேத்தா பாதிக்குப் பாதி கறுப்பு வரும். அதுல ஒரு கறுங்கிடாயை நிப்பாட்டி, கறுப்பையும் கறுப்பையும் சேத்தம்னா ஒரு வெள்ளைகூட விழாது. எப்பவும் விழாது. விழுந்துச்சுன்னா எங்க வீட்டுல இருந்து பரிவட்டத்தை நீங்களே உருவிக்கங்க."

பேயாண்டி அவளையே பார்த்தார். "எம்புட்டுத் தெளிவா சொல்லுது பாரு" என்றார் பக்கத்தில் நின்றவரிடம். பிறகு பரிவட்டத்தை எடுத்து முத்திருளன் தலையில் கட்டினார். கொட்டு முழங்கியது. ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, எல்லாரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கறுப்புப் பெட்டைகளும் பழைய பெட்டைகளும் ஈன்றதில், அடுத்த மாசிக்கு அவள் பட்டியில் ஏழு கறுப்புக் குட்டிகள் நின்றன, அவற்றில் மூன்று கிடாய். கோயிலுக்குக் குளத்தங்கரை வழியாகப் போனால் கூப்பிடு தூரம். அவள் மூன்றையும் ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி விருமாண்டி தெரு வழியாகப் போனாள். அவன் வாசலில் நிறுத்திக் கூப்பிட்டாள்.

"கொழுந்தனாரே, எனக்கு எதைக் குடுக்கிறதுன்னு தெரியல. நீங்களே பாத்துப் பொறுக்குங்க."

விருமாண்டி வெளியே வந்தான். மூன்றையும் புரட்டிப் புரட்டி ஒரு வெள்ளை மயிருக்காகத் தேடினான். கிடைக்கவில்லை. கடைசியில் இருப்பதிலேயே கொழுத்த ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நடங்க மதினி" என்றான்.

அந்த வருஷம் முத்திருளன் வீட்டு முதல் கிடாயைக் கோயில்வரை சுமந்து வந்தது விருமாண்டிதான். ஒச்சாயி அவனுக்கு முன்னால் நடந்தாள்.